ஐந்தரை மணித்தியாலம்

கணினி திருத்தும் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமென்று, இப்போது கடையை நடத்தும் மருமகன் ஆறு மாதமாக நச்சரிக்கிறார். எந்த வயரை எங்கே செருகுவது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன கிழமை கடைக்கு வந்து மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணினி மேசைக்கு வந்து அரை நிமிடம் ஆகவில்லை, மூன்று பேருடைய கை விசைப்பலகையில். கொண்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வருடம் இந்த வேலை செய்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்து கொடுத்தவை எதுவும் ஞாபகத்தில் இல்லை. பிழைவிட்டவை மட்டும் ஆளும் ஊருமாக அப்படியே நிற்கின்றன. தொடக்க காலத்தில் பாப்பாமோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர் கணினி ஒன்றைக் கொண்டு வந்தார். விண்டோஸ் எழும்பவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய மகளின் கலியாணப் படங்கள் முழுக்க அதற்குள் இருந்தனவாம். வேறெங்கும் பிரதி இல்லை. மனிதர் ஏசவில்லை. "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லத்தானே" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து, முழுப் பிரதி எடுக்காமல் யாருடைய டிஸ்க்கிலும் நான் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை. அது உங்களுக்கும் தெரிந்த சட்டம்தான்.

இன்று சொல்லப்போவது டிஸ்க்கைக் கெடுத்த கதை அல்ல. அந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வாயால் கெடுத்தேன்.

கடையை விடுவதற்கு முந்திய வருடம். தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கி, எத்தனை தரம் துடைத்தாலும் மேசையில் மணல் படிந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கட்டில் விரிப்பொன்றால் சுற்றிய கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் யசிந்தா. தலைமன்னார் றோட்டில், காற்றாலைகளுக்குக் கீழே இருக்கும் ஒரு கரையோர ஊரில் முன்பள்ளி ஆசிரியை. கூட வந்தவன் டெரன்ஸ், அவருடைய கணவனின் தம்பி.

"நானா, இது பழுதாப்போன மிசின் எண்டு நினைச்சுக் கை வைக்காதேங்கோ" என்றார் யசிந்தா, எல்லாரையும் போல என்னை அண்ணன் முறை வைத்து. "இது ஒவ்வொரு நாளும் வேலை செய்யுது."

"அப்ப ஏன் கொண்டு வந்தனீங்கள் தங்கச்சி?"

"காலமை ஒன்பது மணிக்கு மட்டும்தான் வேலை செய்யுது."

நான் டெரன்ஸைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு அவன்தான் சொன்னான். "தானாப் பத்துது நானா. ஒருத்தரும் கிட்டப் போறேல்ல. சரியா ஒன்பதுக்கு விசிறி சுத்தத் தொடங்கும். திரையில கறுப்பில நாலு வெள்ளை எழுத்து வரும். அவ்வளவுதான். அம்மா அதுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறா."

கணினி யசிந்தாவின் கணவன் சேவியருடையது. கடற்றொழில் செய்தவர். ஊர்ச் சங்கத்தில் நடந்த ஒரு பயிற்சியில் லினக்ஸ் படித்துவிட்டு வந்து, தன் கணினியில் விண்டோஸோடு அதையும் போட்டு வைத்திருந்தார். ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம். தொடங்கும்போது எது வேண்டுமென்று கேட்கும். விண்டோஸில் பிள்ளைகள் படம் பார்ப்பார்கள். லினக்ஸ் அவருடையது, கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது. முந்திய வருடம் இதே கச்சானில் ஒருநாள் விடியுமுன் தனியாகக் கடலுக்குப் போனார். மறுநாள் எங்கள் சிலாவத்துறைப் பக்கம் படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் இல்லை.

தமையனின் செய்தி கேட்டுக் கட்டாரிலிருந்து வந்த டெரன்ஸ், அதுவரை பிளக்கைக் கழற்றி வைத்திருந்த கணினியில், கடவுச்சொல் தெரியாததால், பக்கத்தில் இன்னொரு லினக்ஸைப் போட்டு அதன் வழியாக உள்ளே போகலாம் என்று நினைத்திருக்கிறான். நினைப்பு பிழையில்லை. கைபேசியிலிருந்து இன்டர்நெட் கொடுத்து ஒரு பென் டிரைவால் ஏற்றத் தொடங்கினான். பாதியில் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு பழைய லினக்ஸும் இல்லை, புதியதும் இல்லை, விண்டோஸும் இல்லை. கறுப்புத் திரைதான். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து அது தானாகவே பத்தத் தொடங்கியது.

"அம்மா என்ன சொல்றா எண்டால்" என்று டெரன்ஸ் இழுத்தான்.

யசிந்தா முடித்தார். "உத்தரிக்கிற தலத்தில இருந்து அவற்ற ஆன்மா பூசை கேக்குதாம். அப்பிடிச் சொல்றா மாமி. நான் அப்பிடி நினைக்கேல்ல. செத்தவர் ஏன் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வரோணும்? உயிரோட இருக்கிற மனிசருக்குத்தான் நேரம் பாக்கிற பழக்கம்."

இது எனக்குச் சிரிப்பை வரவழைத்திருக்க வேண்டும். வரவில்லை.

யசிந்தாவுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சேவியர் காணாமல் போன ஆண்டு நினைவு பத்து நாளில் வருகிறது. பதினொரு மாதமாக யசிந்தா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தது, 'சேவியர் சுகமாய்த் திரும்பி வர' என்ற கருத்துக்கு. ஆண்டுப் பூசையிலாவது 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று மகனின் பெயர் வாசிக்கப்பட வேண்டுமென்று மாமி அழுகிறார். பங்குக் குருவான சுவாமி இருவரையும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டில் யசிந்தா தன் கையால் எழுத வேண்டும். எழுதினால் புருஷன் செத்துவிட்டான் என்று அவரே சொன்னதாகும். திரும்பி வராதவர்களுக்காகக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அவர் அதுக்குள்ள கடைசியா என்ன எழுதினவர் எண்டு பாக்கோணும் நானா. பாத்திட்டு எழுதிக் குடுக்கிறன்."

வியாழக்கிழமை வரச் சொன்னேன். பெட்டியை உள்மேசையில் வைத்து, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கணினியை மட்டும் அமத்திவிட்டு, சுவர்ச் சுவிச்சைப் போட்டபடியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்தேன். வாசலில் வழக்கம்போல இரண்டு கழுதைகள் நிழலுக்கு நின்றன, விரட்டினேன். மேசையில் மணலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. யாரோ தூங்கி எழும்பும்போது முதலில் இழுக்கும் பெருமூச்சுப் போல. பிறகு அது சீராக ஓடத் தொடங்கியது. விசிறிச் சத்தம். கடையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது.

தானாகப் பத்தும் என்று சொல்லித்தான் தந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே போய், திரையைப் பார்க்காமல், சுவரில் இருந்த பிளக்கை இழுத்து எடுத்தேன். மூச்சு நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

பிள்ளைகளே, அங்கேதான் நான் முதல் பிழை விட்டேன். பயத்தை நிறுத்தினேன், காரணத்தைத் தேடவில்லை. முப்பது வருட அனுபவமுள்ள ஆள், ஒரு கணினி தானாக எழும்புகிறது என்றால் அதை எழுப்பச் சொல்லி யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவன், அன்று அதைத் தேடிப் பார்க்க மனமே வைக்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிஸ்க்கைக் கழற்றி முழுப் பிரதி எடுத்தேன். டெரன்ஸின் பாதி நிறுவல் முன்வாசலைத்தான் உடைத்திருந்தது. உள்ளே அறைகள் பத்திரமாக இருந்தன. புதன் பின்னேரம் சேவியரின் லினக்ஸ் பகுதிக்குள் போய்விட்டேன். 'கடல்' என்று ஒரு கோப்புறை. அதற்குள் நாளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கோப்புகள், இருநூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரி. அன்றைய காற்று, வலை விடும் இடம், அவ்வளவுதான். நான் நேரே கடைசிக் கோப்பைத் திறந்தேன். சேவியர் காணாமல் போன அதே நாள்.

"கச்சான் கூடிப்போச்சு. போகாமல் விடுவம் எண்டு இருக்கு. வலை கடலிலை கிடக்கு."

சேமித்த நேரம், காலை 9.40.

விடியுமுன் கடலுக்குப் போன மனிதன் ஒன்பது நாற்பதுக்கு வீட்டில் இருந்து எழுதியிருக்கிறான்.

வியாழக்கிழமை யசிந்தா தனியாக வந்தார். முன்பள்ளியிலிருந்து நேரே வந்ததால் சேலையில் சுண்ணக்கட்டித் தூள். திரையை அவர் பக்கம் திருப்பினேன். அந்த மூன்று வரியையும் வாசித்தார். மறுபடி வாசித்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான், எடுத்துத் தந்துவிட்டேன் என்ற பெருமையில், வாயைத் திறந்தேன்.

"இதைக் கடைசியா எழுதினது காலமை ஒன்பது நாப்பதுக்குத் தங்கச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன்பது நாப்பதுக்கோ?"

"ஓம்."

"நான் அப்ப முன்பள்ளியில. மாமி சந்தைக்குப் போனவ. வீட்டில ஒருத்தரும் இல்ல." மெல்ல, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "விடியப்புறம் மாமி பூசையால வரேக்க கரையில படகு இல்ல. அது ஊருக்கே தெரியும். அப்ப படகை ஆரோ எடுத்துக்கொண்டு போயிருக்கினம். இவர் போகேல்ல. போகாமல் விடுவம் எண்டு எழுதியிருக்கிறார், போகேல்ல."

"தங்கச்சி..."

"முதல் நாள் இரவு நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள் நானா. ஒருத்தருக்கும் நான் சொல்லேல்ல. என்னோட கோவிச்சுக்கொண்டு எங்கயோ போய் இருக்கிறார் மனுசன்."

அவர் சிரித்தார். பதினொரு மாதம் சிரிக்காத முகம் சிரிப்பதை நான் முன்பு பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். கைபேசியை எடுத்து மாமிக்கு அங்கேயே நின்று சொன்னார். "மாமி, அவர் போகேல்ல. ஒன்பது நாப்பதுக்கு வீட்டில இருந்தவர். நானா பாத்துச் சொன்னவர்." நானா பாத்துச் சொன்னவர். அந்தச் சொல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.

அவர் போன பிறகு எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஏதோ இடித்தது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு டிஸ்க்கைத் திரும்பப் பெட்டிக்குள் பூட்டி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸ் திரைக்குள் போனேன். செவ்வாய்க்கிழமை செய்திருக்க வேண்டிய வேலை. அங்கே கிடந்தது. ஒவ்வொரு நாளும் தானாக எழும்பு என்று ஓர் அலாரம். ஆனால் வைத்திருந்த நேரம் ஒன்பது இல்லை, மூன்றரை. அதிகாலை மூன்றரை.

மூன்றரைக்கு வைத்த அலாரம் ஏன் ஒன்பதுக்கு அடிக்கிறது என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் மத்தியான ளுஹர் பாங்கு சொன்னார்கள். தொழப் போக எழும்பினேன். எழும்பியவன் அப்படியே நின்றேன். திரையின் மூலையில் கணினியின் சொந்தக் கடிகாரம் காலை 6.47 என்று காட்டிக்கொண்டிருந்தது. வெளியே உச்சி வெயில், சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பதினேழு. பாங்கு சொல்லி முடியும்வரை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்தரை மணித்தியாலம்.

உங்களில் இரண்டு பேருக்காவது இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கணினியின் பலகையில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. விண்டோஸ் அதில் எங்களுடைய நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதில் இருப்பது கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டு, எங்கள் நேரத்துக்காக ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். இரண்டும் தன் தன் வழியில் சரி. ஒரே வீட்டில் இருந்தால்தான் பிரச்சினை. சேவியரின் கணினியில் இன்டர்நெட் இல்லை, திருத்த ஆள் இல்லை. விண்டோஸ் வைத்த நாலு பத்தை லினக்ஸ் ஒன்பது நாற்பது என்று வாசித்தது. பிறகு டெரன்ஸ் கைபேசியால் இன்டர்நெட் கொடுத்தபோது புதிய லினக்ஸ் சரியான நேரத்தை எடுத்து, பலகைக் கடிகாரத்தைக் கிரீன்விச்சுக்கு மாற்றிவிட்டது. அதனால் சேவியர் வைத்த மூன்றரை அலாரம் எங்கள் ஒன்பதுக்கு அடித்தது. ஆவியும் இல்லை, அடையாளமும் இல்லை.

தொழுகையை விட்டுவிட்டு அந்தக் கோப்புறையை மறுபடி திறந்தேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். இந்தத் தரம் கடைசிக் கோப்பை மட்டும் பார்க்கவில்லை. மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். 9.35. 9.42. 9.38. 9.40. இருநூறு நாளும் ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில். கடற்றொழிலாளி ஒருவன் இருநூறு நாள் காலை ஒன்பதரைக்கு வீட்டில் இருப்பானா? முதல்நாளே ஒரு கோப்புக்குப் பதில் பத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்போதுதான் அதிகமானது. நாலு பத்துக்கு அந்த மனிதன் கச்சானைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். போகாமல் விடுவமோ என்று யோசித்திருக்கிறான். முதல்நாள் விட்ட வலை கடலில் கிடக்கிறது என்று எழுதிவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். பதினொரு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் அவனைத் தொழிலுக்கு எழுப்பிக்கொண்டிருக்கிறது.

பின்னேரம் டெரன்ஸ் கைபேசியில் வந்தான். யசிந்தா சுவாமியிடம் போய் ஆண்டுப் பூசை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சேவியரின் படத்தைக் கொண்டு கொழும்புக்குத் தேடிப் போகப்போகிறாராம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நானா, சொல்லாதேங்கோ" என்றான். "அண்ணி இண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டவ. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் வசதி. சொல்லாமல் விட்டால் ஒருவரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மனைவியிடம் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நீங்க குடுத்ததை நீங்கதான் போய்த் திருப்பி எடுக்கோணும்" என்றா.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கணினியோடு யசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். கரையில் காற்றாலைகள் சுற்றும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது, ஒருவர் நிற்காமல் துணி உதறுவது போல. மூலையில் சின்ன மேசை. திருக்குடும்பப் படம், பக்கத்தில் பாதி எரிந்த மெழுகுதிரி. பெட்டியை அதன் இடத்தில் வைத்துப் பிளக்கைச் செருகினேன். என்னுடைய பென் டிரைவையும் பூட்டிவிட்டு, தொடாமல் வந்து கதிரையில் உட்கார்ந்தேன். மாமி செபமாலையோடு நின்றார். டெரன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். யசிந்தா எனக்குத் தேத்தண்ணி தந்தார். அவர் தலையில் பூ வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

ஒன்பதுக்கு அது மூச்செடுத்தது. மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

என் பென் டிரைவிலிருந்து கணினி எழும்பியதும் அந்தக் கோப்புறையைத் திறந்தேன்.

"தங்கச்சி, வியாழக்கிழமை நான் உங்களுக்கு ஒரு பிழை சொல்லிப்போட்டன். ஒரு நாளை மட்டும் பாத்துச் சொன்னனான். எல்லா நாளையும் நீங்களே பாருங்கோ."

அவர் வந்து முக்காலியில் இருந்தார். கீழிருந்து மேலே வாசித்தார். ஒரு நாளில் விரலை வைத்தார். "இது பெரிய வியாழன். அண்டைக்கு இவர் பத்தரைக்குத்தான் மீனோட வந்தவர். நான் கரையில நிண்டனான்." இன்னொன்று. "இது மகன்ர பிறந்தநாள். அண்டைக்கும் கடலுக்குப் போனவர்." விரல் நின்றது. "இந்த நேரத்தில மனுசன் கடலிலயெல்லோ."

நான் கடிகாரக் கதையைச் சொன்னேன். விண்டோஸ், லினக்ஸ் என்றெல்லாம் அதிகம் சொல்லவில்லை. இந்தப் பெட்டி ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக் காட்டியது, ஒன்பதுக்கு அடிப்பது சேவியர் மூன்றரைக்கு வைத்த அலாரம் என்று மட்டும் சொன்னேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப, நாலு பத்து" என்றார்.

"ஓம் தங்கச்சி. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாலு பத்துக்கு நான் முழிப்பு நானா. இந்த விசிறிச் சத்தம் கேட்டது. அவர் எழும்பித்தான் போடுறவர் எண்டு நினைச்சிருந்தன். பிள்ளையள் முழிக்காமல் இருக்க அலாரத்துக்குப் பதிலா இதை வச்சிருக்கிறார் போல. பிறகு தட்டிற சத்தம் கேட்டது. காத்து இரையிறதும் கேட்டது. எழும்பிப் போய், இண்டைக்கு வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கோவத்தில சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தனான்."

மாமி வந்து மருமகளின் தலையில் கை வைத்தார். அந்தக் கை பூவில் பட்டது. பூவை எடுத்துவிடவில்லை, கையை அப்படியே வைத்திருந்தார். டெரன்ஸ் வெளியே போய்விட்டான்.

"மாமி" என்றார் யசிந்தா. "சுவாமிக்கு நீங்கள் சொன்ன மாதிரியே எழுதிக் குடுப்பம்." அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து, விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு, அந்த மேசையிலேயே வைத்து எழுதினார். முன்பள்ளி ஆசிரியையின் வட்டமான எழுத்து.

நான் அன்று மத்தியானம்வரை இருந்து எல்லாவற்றையும் சரியாக்கினேன். உடைந்த வாசலைக் கட்டி, சேவியரின் பகுதிக்கு யசிந்தா சொன்ன புதிய கடவுச்சொல்லை வைத்து, இரண்டு குடித்தனத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டு வந்தேன். கடைசியாகப் பயோஸ் திரைக்குப் போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, இந்த அலாரத்தை நிப்பாட்டிவிடட்டோ?"

"வேண்டாம் நானா. மணியை மட்டும் சரியாக்கி விடுங்கோ. மூண்டரைக்கே எழுப்பட்டும்."

"ஏன்?"

"அண்டைக்கு எழும்பேல்ல. இனி எழும்பிறன்."

அவர் சொன்னபடியே செய்துவிட்டு வந்தேன். இதில் நான் செய்த நன்மை என்று ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் புருஷனைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி என் கையாலேயே கடலுக்குள் போட்டேன். திரையில் தெரிவதெல்லாம் வாயால் சொல்வதற்கு அல்ல. முதலில் அது எந்தக் கடிகாரத்தில் வந்தது என்று பாருங்கள். உங்களுக்கு அது ஓர் இலக்கம், எதிரில் இருப்பவருக்கு அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம், நான் கடையை விடும் மாதத்தில், யசிந்தா அதே பெட்டியை விரிப்பால் சுற்றிக்கொண்டு வந்தார். விசிறி இரைச்சல் போடுகிறதாம். பிரதி எடுக்க டிஸ்க்கைத் திறந்தபோது 'கடல்' கண்ணில் பட்டது. சேவியரின் கடைசிக் கோப்போடு அது முடிந்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் புதிய கோப்புகள், முந்நூற்றுக்கு மேல். ஓரத்தில் நேரம். 4.10. 4.10. 4.11. 4.10. இந்தத் தரம் கடிகாரம் சரி. நானே வைத்த கடிகாரம்.

நான் ஒன்றையும் திறக்கவில்லை. அவரிடமும் எதுவும் சொல்லவில்லை. விசிறியை மாற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டது, இனி உங்களிடம்தான் வரும். அவர் வந்தால் முதலில் கதிரையைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பிறகு பிரதி எடுங்கள். அந்தக் கோப்புறையைத் திறக்காதீர்கள். கொடுத்து அனுப்பும்போது மணி சரியா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.